ஒரு சோறு பதமாவது எப்போது?



‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் முன்னோர் வாக்கு. புள்ளியியலின் உயிர்நிலை இவ்வொரு வரியில் அடங்கியிருக்கிறது என்று வகுப்பறையில் நான் பல ஆண்டுகள் சொல்லி வந்திருக்கிறேன். பானைச் சோறு முழுவதையும் புள்ளியியலார் ‘முழுமைத்தொகுதி’ என்பர். எடுத்துப் பார்க்கும் பருக்கையைக் ‘கூறு’ என்பர். ஆயினும், ஒரு சோறு எப்போது பதமாகும்? அகப்பையால் நன்கு கிளறிய பின்னரே ஆகும். அடியில் குழைந்தும் மேலே வேகாமலும் கிடக்கும் பானையில், மேற்பருக்கையை மட்டும் நசுக்கிப் பார்ப்பவர் ஏமாந்து போவார்.

அவ்வாறு ஏமாந்த கதை ஒன்று உண்டு. 1936-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, லாண்டனே வெல்வார் என்று அவ்விதழ் அறிவித்தது. ஆனால் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46 மாநிலங்களை வென்றார். காரணம் என்ன? தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேட்டிலிருந்துமே பெரும்பாலான முகவரிகள் எடுக்கப்பட்டன. பொருளாதார வீழ்ச்சியால் நலிந்திருந்த ஏழை மக்களிடம் அவ்விரண்டும் ஏது? மேலும், சீட்டுப் பெற்றவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவரே விடை அனுப்பினர். கூறு பெரிதாயிருந்தது, பானை கிளறப்படவில்லை. மிகச் சிறிய கூற்றைக் கொண்டே ஜார்ஜ் காலப் என்பார் வெற்றியாளரைச் சரியாகக் கணித்துவிட்டார்.

மக்கள் தொகுதியைக் கிளறும் அகப்பை எது? சமவாய்ப்பு என்பதே அது. ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கப்படுவதற்குச் சமமான வாய்ப்பு இருத்தல் வேண்டும். இங்கேதான் நிகழ்தகவு நமக்குத் துணை வருகிறது. குறையில்லாத நாணயம் ஒன்றை 100 முறை சுண்டினால், சரியாக 50 தலைகளே விழும் என்று சொல்ல இயலாது. ஆனால் 40-க்கும் 60-க்கும் இடையே விழும் என்று பெரும்பாலும் துணிந்து கூறலாம். 10,000 முறை சுண்டினாலோ, அந்த எல்லை 4,900-க்கும் 5,100-க்கும் இடையே அமையும். அதாவது, நூற்றுக்குப் பத்தாக இருந்த பிழை நூற்றுக்கு ஒன்றாகக் குறைகிறது. பிழையைப் பத்தில் ஒரு பங்காக்கக் கூற்றை நூறு மடங்காக்க வேண்டும் என்பதே இதன் விதி. ஆனால் ஒன்று: இவ்விதி தற்செயலால் நேரும் பிழையைத்தான் குறைக்கும், ஒருதலைச் சார்பை எள்ளளவும் குறைக்காது.

கூறு நேர்மையாகக் கிடைத்த பின்னும், அதனை ஓர் எண்ணாகச் சுருக்கும்போது விழிப்பு வேண்டும். ஐந்து குடும்பங்களின் மாத வருமானம் முறையே 10, 11, 12, 13, 104 ஆயிரம் ரூபாய் எனக் கொள்வோம். சராசரி 30 ஆயிரம். நான்கு குடும்பங்கள் அதில் பாதியைக்கூடக் கண்டதில்லை! வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை அளவோ 12 ஆயிரம். இங்கே உண்மைக்கு அருகில் நிற்பது அதுவே. எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைத் திட்டவிலக்கம் காட்டும். சிதறலைச் சொல்லாத சராசரி அரை உண்மையே.

இவை தேர்வுக்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. பேராசிரியர் மகலநோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வங்காளத்துச் சணல் வயல்களைக் கூறெடுப்பு முறையால் அளந்து காட்டினார். 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. உணவு, வேலை, கல்வி பற்றிய திட்டங்கள் இத்தகைய எண்களைக் கொண்டே வகுக்கப்படுகின்றன. கணக்கில் விடுபட்ட ஏழை, திட்டத்திலும் விடுபடுவான்.

ஆகவே, நூற்றுக்கு இத்தனை என்று எவரேனும் சொல்லக் கேட்டால் மலைத்து நிற்காதீர்கள். வெறுத்து ஒதுக்கவும் வேண்டா. ‘இந்தக் கணக்கில் சேராதவர் யார்?’ என்று பணிவோடு கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரே புள்ளியியல் கற்றவர் ஆவார்.