தராசும் நம்பிக்கையும்



சிறு வணிகத்திற்கு முதல் தேவை பணம் என்பார்கள். பணத்தைக் கடனாகப் பெறலாம். நம்பிக்கையை அவ்வாறு பெற இயலாது. நம் நாட்டு ரப்பர்ச் சிறுதோட்டங்களே இதற்குச் சான்று.

மலேசியாவில் ரப்பர் பயிரிடப்பட்ட நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்று சிறுதோட்டக்காரர்களிடமே உள்ளது. மங்கில் உறைந்த கட்டிப்பாலை அவர்கள் உள்ளூர் வியாபாரியிடம் விற்கிறார்கள். அவர் அதை ஆலைக்கு அனுப்புகிறார். அங்கிருந்து அது டயர் செய்வோரைச் சென்றடைகிறது.

கட்டிப்பாலில் ரப்பரோடு நீரும் உண்டு. விலையோ உலர்ந்த ரப்பருக்குத்தான். 100 கிலோ கட்டிப்பாலில் 55 விழுக்காடு ரப்பர் இருக்க, வியாபாரி 50 விழுக்காடு என்று மதிப்பிட்டால், விற்பவருக்கு 5 கிலோ ரப்பரின் விலை நட்டம்.

வியாபாரியின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மணலும் மரப்பட்டையும் கலந்து எடையைக் கூட்டுவோரும் உண்டு. அவர்கள் யாரென்று தெரியாததால், அவர் எல்லாருக்கும் குறைத்தே மதிப்பிடுகிறார். முடிவு என்ன? கலப்படக்காரர் தப்புகிறார், நேர்மையாளர் தண்டனை பெறுகிறார். 'நாம் மட்டும் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும்?' என்று அவரும் நாளடைவில் எண்ணிவிட்டால், சரக்கின் தரமே கெட்டுவிடும்.

இதற்கு மருந்து அளவீடு. முன்பு ரப்பர்த் தகடுகளைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள். 1965-இல் மலேசியா தரநிர்ணய ரப்பர் முறையைக் கொண்டுவந்தது. மாசு, சாம்பல் முதலியவற்றின் அளவு ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது. கடல் கடந்து வாங்குபவர், விற்பவரின் முகம் அறியாமலே சரக்கை நம்ப முடிந்தது.

அந்த அளவீடு ஆலையோடு நின்றுவிடலாகாது. கிராமத்துத் தராசுவரை வர வேண்டும். சிறுதோட்டக்காரர்கள் கூட்டாக விற்றால், மாதிரி எடுத்து உலர்த்தி நிறுத்துப் பார்க்கும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். எடை, விழுக்காடு, விலை ஆகிய மூன்றையும் ரசீதில் எழுதி வாங்கலாம். சரியாக அளக்கும் வியாபாரிக்கும் இதனால் நன்மையே. நல்ல சரக்கு அவரைத் தேடி வரும்.

தோட்டப் பள்ளிகளில் நாம் கற்பிக்கும் விழுக்காட்டுக் கணக்கு தேர்வோடு முடிந்துவிட வேண்டுமா? பிள்ளைகள் வீட்டிலுள்ள ரசீதை எடுத்துச் சரிபார்க்கட்டும். நடுவுநிலைமைக்கு வள்ளுவர் தராசையே உவமையாகக் காட்டினார். அந்தத் தராசின் முள்ளை விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து பார்க்கும் இடத்தில்தான் வணிகம் வளரும்.