‘விக்ரம்’: ஓர் உளவுப் படத்தின் நிறையும் குறையும்

திருப்பூர்க் காதர்பேட்டையில் பனியன் வாங்குவோர், அதை உட்புறம் திருப்பித் தையலைப் பார்த்த பிறகே விலை பேசுவர். 1986இல் வெளிவந்த ‘விக்ரம்’ படத்தையும் நாம் அவ்வாறே பார்ப்போம்.

ராஜசேகர் இயக்க, சுஜாதாவின் கதையில் கமல்ஹாசன் உளவாளியாக நடித்த படம் அது. பகைவர் கவர்ந்த ‘அக்னிபுத்திரன்’ என்னும் ஏவுகணையை மீட்பதே கதை. கணிப்பொறி பலருக்குப் பெயரளவிலேயே தெரிந்திருந்த காலத்தில், அதைக் கதையின் உயிர்நாடியாக்கியது முதற் சிறப்பு. இந்தியா ‘அக்னி’ ஏவுகணையை முதன்முதலாகச் சோதித்தது 1989இல்தான் என்பதை எண்ணினால், இக்கதையின் தொலைநோக்கு விளங்கும். மனைவியை இழந்த துயரம் நாயகனை வெறும் வீரனாக விடாமல் மனிதனாக்குகிறது. இது இரண்டாவது சிறப்பு.

குறை யாது? கதை சலாமியா என்னும் கற்பனை நாட்டில் புகுந்ததும், அரண்மனை வேடிக்கையும் காதலும் பெருகுகின்றன. ஏவுகணை பாய்ந்துவிடுமோ என்ற அச்சம் நம்மைவிட்டு அகன்றுவிடுகிறது. உளவுக் கதையில் காலமே பெரும்பகைவன். நாயகன் அதை மறந்தால், காண்போரும் ஆபத்தை மறப்பர் என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் 2022இல் லோகேஷ் கனகராஜ் அதே பெயரையும் நாயகனையும் மீண்டும் எடுத்தாண்டார். மூலப்பொருளின் உறுதிக்கு அதுவே சான்று. இனி இத்தகைய படங்களைக் காணும்போது, ஒவ்வொரு காட்சியும் ஆபத்தை வளர்க்கிறதா, மறக்கச் செய்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.