தண்டவாளமும் இருக்கையும்



மின்சார டிராம்வண்டி எத்தனையோ நகரங்களை வளர்த்தது. அவற்றுள் ஒரே ஒரு நகரத்தைப் பற்றிப் பேச முற்படுகிறோம். அது அமெரிக்க நாட்டில் வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகராகிய ரிச்மண்டு.

1865 இல் உள்நாட்டுப் போரின் முடிவில் தீக்கிரையான அந்நகரம், கால் நூற்றாண்டுக்குள் மீண்டும் தழைத்தது. ஆனால் அது குன்றுகள் மலிந்த ஊர். விலங்குகள் இழுக்கும் வண்டிகள் மேடேறத் திணறின. பிராங்க் ஸ்பிரேக் என்னும் இளம் பொறியாளர், ஏறத்தாழ 12 மைல் பாதையில் 40 வண்டிகளை மின்சாரத்தால் இயக்கித் தர இசைந்தார். தலைக்குமேல் செல்லும் கம்பியை வண்டிக் கூரையிலுள்ள தண்டு தொட்டு மின்சாரம் பெறும். மோட்டாரின் ஒருபுறத்தை அச்சிலும் மறுபுறத்தை வில்லிலும் தாங்கவைத்தார். சக்கரம் குலுங்கினும் பற்சக்கரங்கள் பிரியா. இயற்பியல் பயிலும் மாணவர் இந்த நுட்பத்தை ஊன்றிக் கவனித்தல் நன்று.

ஓரிரவு சோதனையின்போது வண்டி நின்றுவிட்டது. பழுதறியக் கருவிகள் வருகின்றன என்று கூடிநின்றோரிடம் ஸ்பிரேக் சொன்னாராம். வந்து சேர்ந்தவையோ நான்கு கோவேறு கழுதைகள்! எனினும் 1888 பிப்ரவரியில் வண்டிகள் முறையாக ஓடின. பாஸ்டன் நகர டிராம் முதலாளி விட்னி நேரில் வந்து கண்டு, தம் நகருக்கும் மின்சாரமே தகும் எனத் துணிந்தார்.

அதே தண்டவாளத்தின்மீது 1904 இல் வேறொரு சோதனை நிகழ்ந்தது. வெள்ளையரையும் கறுப்பின மக்களையும் பிரித்து அமர்த்தலாம் என்று மாநிலச் சட்டம் இடமளித்தது, கட்டாயப்படுத்தவில்லை. என்றாலும் டிராம் நிறுவனம் தானே விரும்பி அதனை மேற்கொண்டது. பயணியை எழுப்பி இடம் மாற்றும் அதிகாரம் நடத்துநர் கைக்கு வந்தது. அவ்வதிகாரத்தின் பொருளை இவ்வவைக்கு விளக்க வேண்டுமோ?

பத்திரிகை ஆசிரியர் ஜான் மிச்செலும், அதற்கு முந்தைய ஆண்டில்தான் சேமிப்பு வங்கி தொடங்கியிருந்த மேகி வாக்கர் அம்மையாரும், வண்டியேறாதீர், நடந்து செல்வீர் என்று மக்களை வேண்டினர். மக்கள் நடந்தனர். தொலைவில் வேலை செய்வோர்க்கு அஃது எளிய செயலன்று. சில மாதங்களில் நிறுவனம் கடனில் மூழ்கி நீதிமன்றப் பொறுப்பாளர் வசமாயிற்று. அதற்குப் புறக்கணிப்பு ஒன்றே காரணம் என்றுரைப்பது மிகையாகும். அதற்கு வேறு இடர்களும் இருந்தன. 1906 இல் சட்டம் பிரிவினையைக் கட்டாயமாகவே ஆக்கிற்று. நடந்தவர் கால்வலியே எஞ்சிற்று என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தம் காசு தம் கையில் உள்ளதென்பதை அம்மக்கள் அறிந்துகொண்டனர். அம்மையாரின் வங்கியும் நிலைத்து நின்றது.

1949 இல் ரிச்மண்டின் டிராம்கள் ஓய்ந்தன. அவை ஓடிய பிராடு வீதியில், 2017 இல், மேகி வாக்கர் அம்மையாரின் வெண்கலச் சிலை நிறுவப்பட்டது.