தனித்திருக்கும் பிள்ளைக்குத் தோழமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

வட்டவளைத் தோட்டங்களிலே தாய் கொழுந்துக்குப் போனபின், பிள்ளைக்குப் பகல் வீடாய் இருப்பது பிள்ளைக் காம்பரா. மூன்று வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாது, பிறரோடு கூடாது, ஒரு போத்தல் மூடியையே சுழற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையும் அங்கே இருக்கக்கூடும். கிரகக் குற்றமென்று கயிறு கட்டுவோர் உண்டு. தாயின் வளர்ப்பைப் பழிப்போரும் உண்டு.

ஓட்டிசம் எனப்படும் இந்நிலையை 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளிடம் கண்டு விவரித்தார். அன்பற்ற தாயே காரணமென்று மேனாட்டறிஞர் சிலரும் அந்நாளில் கூறினர். அத்தகைய பிள்ளையொன்றின் தந்தையாகிய பேர்னாட் றிம்லன்ட், 1964இல் நூலெழுதி அப்பழியை மறுத்தார். மூளை வளரும் முறையிலுள்ள வேறுபாடே இது. நம் நாட்டிலும் இஃது அரிதன்று. பேராசிரியை ஹேமமாலி பெரேரா குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 24 மாதக் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவர் என்றது. பெற்றோர் வீட்டிலேயே பயிற்சியளித்தால் பிள்ளை முன்னேறும் என்பதை அவர்களது 2016ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று.

அப்பயிற்சிக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. பிள்ளையின் முகமட்டத்தில் அமர்வோம். அது மூடியைச் சுழற்றினால் நாமும் ஒரு மூடியைச் சுழற்றுவோம். பாட்டொன்றைப் பாடி நடுவில் நிறுத்துவோம். பிள்ளை பார்த்தாலோ கையசைத்தாலோ உடனே தொடர்வோம். பந்தை உருட்டி, “என் முறை, உன் முறை” என்போம். முதலில் ஒரே ஒரு தோழன், ஐந்தே நிமிடம், பழகியபின் இருவர். கைகழுவல், சாப்பாடு, உறக்கம் ஆகியவற்றைப் படமாக வரைந்து வரிசையாய்ச் சுவரில் ஒட்டினால், அடுத்தது என்னவென்று பிள்ளை அறிந்து அமைதியுறும். தகரக் கூரையில் மழை இரையும்போது காதைப் பொத்தும் பிள்ளைக்கு ஓர் ஒதுக்கிடம் வேண்டும். கண்ணைப் பார்க்கும்படி முகத்தைப் பிடித்துத் திருப்புதல் ஆகாது.

ஐயமெழுந்தால் குடும்ப நல மாதுவிடம் கூறி, கிளினிக் வழியாகப் பிள்ளைநல வைத்தியரைக் காண வேண்டும். தானாய்ச் சரியாகுமென்று காத்திருத்தல் நன்றன்று.

தோழர்களே! கிளினிக்குக்குப் போகும் தாய் அன்றைய பேரை இழக்கிறாள். அவளுக்குத் துணையாகச் செல்வதும், அன்று அவளுடைய மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் நம்மால் ஆகாதவையா? பிள்ளைக்குப் பேசிப் பழகக் கற்பிக்குமுன், அதனோடு பழக நாம் கற்போம். லயத்துக் கதவுக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் மறைக்கப்படாதிருக்கட்டும்.