பறிக்கப்பட்ட சட்டை

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் செப்டம்பர் 30-ஆம் நாளையொட்டி, கனடா நாட்டுப் பள்ளிகளிலே பிள்ளைகள் ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்து வருகிறார்கள். டொராண்டோவிலே குடியேறிய தமிழர் வீட்டுச் செல்வங்களும் அணிகிறார்கள். "ஏனம்மா இந்தச் சட்டை?" என்று குழந்தை கேட்டால், தாய் என்ன விடை பகர்வாள்? அந்த விடையைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

1973-ஆம் ஆண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். மண்ணின் முதல் மக்களுள் பிறந்த ஃபில்லிஸ் வெப்ஸ்டாட் என்னும் ஆறு வயதுச் சிறுமி, உறைவிடப் பள்ளிக்குப் புறப்படுகிறாள். பாட்டி புதுச்சட்டை வாங்கித் தருகிறாள். பளபளக்கும் ஆரஞ்சுச் சட்டை! போய்ச் சேர்ந்ததும் அதைக் கழற்றினர், பறித்தனர், திருப்பித் தரவேயில்லை.

போனது சட்டை மட்டுமா, தோழர்களே? அரசு பணம் தர, திருச்சபைகள் நெடுங்காலம் நடத்திய பள்ளிகள் அவை. நூறாண்டுக்கு மேலாக, ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அங்கே அனுப்பப்பட்டனர். அனுப்ப மறுக்கும் பெற்றோருக்குத் தண்டனை என்று 1920-இல் சட்டமே வந்தது. கூந்தலை வெட்டினர், தாய்மொழி பேசிய பிள்ளையை அடித்தனர். காசநோய் கொல்கிறது என்று 1907-லேயே மருத்துவர் பீட்டர் பிரைஸ் எச்சரித்தார், ஆள்வோர் செவிசாய்க்கவில்லை. மாண்ட பிள்ளைகள் 3,000-க்கும் மேல் என்று 2015-இல் ஆணைக்குழு பதிவு செய்தது. 2008-இல் பிரதமர் நாடாளுமன்றத்திலே மன்னிப்புக் கேட்டார்.

மீண்டு வந்தோர் பலர் வாய் திறக்கவில்லை. தம் மக்களுக்குத் தம் மொழியையும் கற்றுத் தரவில்லை. தாம் பட்ட அடி தம் பிள்ளைக்கும் விழுமோ என்ற அச்சம்! பள்ளி மூடப்பட்ட பின்னும், பள்ளியின் வேலை வீட்டுக்குள்ளே நடந்தது!

"பிஞ்சு நெஞ்சிலே வேதனையை ஊற்றலாமா?" என்று கேட்கும் நல்லவர்கள் உண்டு. அவர்களை நான் எள்ளி நகையாடவில்லை. அது அன்பிலே பிறந்த அச்சம். ஆனால், சொல்லாத வீட்டிலும் குழந்தை காண்கிறது. பாட்டி நள்ளிரவிலே விழித்திருப்பதையும், பள்ளி என்றதும் தாத்தா எழுந்து போவதையும் காண்கிறது. காரணம் அறியாத குழந்தை, குறை தன் குடியிலேதான் என்று எண்ணிக்கொள்ளும். உண்மையினும் கொடியதன்றோ அது?

எப்படிச் சொல்வது? பள்ளியிலே தொடங்கக்கூடாது, பள்ளிக்கு முன்னிருந்த வாழ்விலே தொடங்க வேண்டும். ஆற்றையும் மீனையும் சொல்ல வேண்டும். பாட்டியின் பெயரையும் அதன் பொருளையும் சொல்ல வேண்டும். மேற்குக் கடற்கரை மக்கள் பரிசு வழங்கிக் கொண்டாடும் 'பொட்லாட்ச்' பெருவிழாவை 1885 முதல் 1951 வரை சட்டம் தடுத்தது. இன்று அது மீண்டும் நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெருமையை முதலில் அறிந்த பிள்ளைதான் துயரைத் தாங்கும்.

பிறகு, வயதறிந்து சொல்ல வேண்டும். ஆறு வயதுக்குச் சட்டையின் கதை போதும். பதினாறு வயதுக்குக் கல்லறைகளின் கணக்கும் வேண்டும். அளவைக் குறைக்கலாம், பொய்யைக் கலக்கலாகாது.

"என்னையும் கொண்டுபோவார்களா?" என்று குழந்தை கேட்கும். கையைப் பற்றிக்கொண்டு, "விடமாட்டோம், கண்ணே! நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். "குற்றம் யாருடையது?" என்றும் கேட்கும். "பறித்தவருடையது, பறிகொடுத்தவருடையது அன்று" என்று ஐயமறச் சொல்ல வேண்டும்.

பறித்தவர் வழிவந்த பிள்ளைக்கும் சொல்ல வேண்டும்: "குற்றவாளி நீ அல்லை, ஆயினும், அறிய வேண்டிய கடமை உனக்குண்டு." குடியேறிய தமிழ்ப் பிள்ளைக்கும் சொல்ல வேண்டும்: "நீ ஓடியாடும் மண்ணுக்கு உனக்கு முன்னே உரியவர்கள் உண்டு, அவர்கள் பெயரைக் கற்றுக்கொள்." வஞ்சம் வளர்ப்பதற்கல்ல இது, வஞ்சனை மீண்டும் நடவாதிருப்பதற்கு!

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2013-இல், வெப்ஸ்டாட் தம் கதையைச் சொன்னார். பின்னர்க் குழந்தைகளுக்கென்றே அதை நூலாகவும் எழுதினார். 2021-இல் செப்டம்பர் 30 அந்நாட்டின் சட்டபூர்வ நினைவு நாளாயிற்று. ஒரு சிறுமியிடமிருந்து பறித்த சட்டை, இன்று நாடெங்கும் பிள்ளைகளின் தோள்களிலே!

சட்டையைப் பறிக்க முடிந்தது. சொல்லத் துணிந்தபின், கதையைப் பறிக்க எவராலும் முடியவில்லை. ஆகவே, கேட்கும் குழந்தைக்கு வாய் மூடாதீர்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.