துக்கம் நோயாகும் வேளை

அட்டாளைச்சேனையிலும் அதனை அடுத்த ஊர்களிலும் வீடு என்பது குடியிருக்கும் இடம் மாத்திரமன்று. பெண் பிறந்த நாளிலிருந்தே தந்தை அதனை எண்ணத் தொடங்குகிறார். கடலிலோ, வயலிலோ, மத்திய கிழக்கு நாடுகளிலோ உழைத்து, ஓராண்டு அத்திவாரம், மற்றோராண்டு சுவர், இன்னோராண்டு கூரை எனச் சிறுகச் சிறுகக் கட்டி, திருமணத்தின்போது அதனை மகளுக்கே கொடுத்து விடுகிறார். மருமகன் அவ்வீட்டுக்கு வந்து குடியேறுகிறான். இக்கரையில் முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் நெடுங்காலமாக நிலவும் வழக்கம் இது. அதன் நன்மை தீமைகள் வேறொரு பேச்சுக்கு உரியவை.

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினம். அன்று காலை எழுந்த கடல், இத்தகைய வீடுகளை ஆயிரக்கணக்கில் இல்லாமற் செய்தது. இலங்கையில் மாண்ட 30,000க்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 10,000 பேர் அம்பாறை மாவட்டத்தவர். மாவட்டங்களுள் உயிரிழப்பு மிகுந்தது இதுவே. மாண்டவருள் ஆடவரினும் பெண்களும் சிறுவருமே அதிகம். ஆதலால் அலை ஓய்ந்தபோது, தாயற்ற பிள்ளைகளுடன் பாடசாலைக் கட்டடங்களில் எஞ்சி நின்ற ஆடவர் பலர். மனைவியும் போய், மனைவியின் வீடும் போனபின், இனித் தமக்குரிய வீடு எது என்பதே அவர்களுட் சிலருக்கு விளங்கவில்லை.

அத்தகைய ஒருவரை மனக்கண் முன் நிறுத்திப் பார்க்கலாம். ஐம்பது வயதான கரைவலைத் தொழிலாளி. ஜனாஸாவை அடக்கிய அன்று அவர் அழவில்லை, அழுதவர்களைத் தேற்றினார். நிவாரண வரிசையில் நின்றார். பிள்ளைகளுக்கு உணவு தேடினார். நல்ல சபுர் உள்ள மனிதர் என்று ஊர் புகழ்ந்தது. ஓராண்டு கழிந்து, மற்றவர்கள் மெல்லத் தொழிலுக்குத் திரும்பிய காலத்தில், அவர் மாறத் தொடங்கினார். சுபஹு பாங்குக்கு நெடுநேரம் முன்னரே விழிப்பு வந்துவிடும், பின்னர் உறக்கமில்லை. வாடிக்குப் போவதில்லை. பேரப்பிள்ளை மடியில் ஏறினால் இறக்கிவிடுவார். வைத்தியரிடம் போனாலும் சொல்வது நாரிக்குத்தையும் நெஞ்சு இறுக்கத்தையுமே. "கையை விட்டுவிட்டேன்" என்ற ஒரு வாக்கியம் மட்டும் எப்போதாவது வாயில் வரும். அலையில் மனைவியின் கை நழுவிப் போன அந்தக் கணத்தை ஒரு குற்றமாக அவர் சுமந்து கொண்டிருக்கிறார்.

நேயர்களுட் பலர் இத்தகையவரை அறிந்திருப்பர். ஊர் இவரைச் சோம்பேறி என்றது. கண்ணூறு என்றும் செய்வினை என்றும் சொன்னது. மனச்சோர்வு நோய் என்று சொன்னவர் அரிது.

துக்கம் வேறு, இந்நோய் வேறு. துக்கப்படுபவர் அழுவார், அழுகைக்கு நடுவே பழைய வேடிக்கை ஒன்றை நினைத்துச் சிரிப்பார், உறவினர் வந்தால் சற்று ஆறுவார். மனச்சோர்வோ அப்படி விலகி இடங்கொடுப்பதில்லை. மனம் வாடியிருத்தல், முன்பு விரும்பியவற்றில் நாட்டமறுதல் ஆகியவற்றுள் ஒன்றேனும் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் அநேகமாக நாள் முழுவதும் நீடித்து, உறக்கம், பசி, வலிமை, கவனம் என்பனவும் கெட்டு, தாம் எதற்கும் பயனற்றவர் என்ற எண்ணமும் ஊறுமாயின், அது வைத்தியரை நாட வேண்டிய நிலை. சபுர் என்பது இதற்குத் தடையன்று. நீரிழிவுக்காரர் பொறுமையோடுதான் இருக்கிறார். மாத்திரையையும் விழுங்குகிறார் அல்லவா?

அலை ஒருமுறைதான் அடித்தது. அதன் பின்வந்த அடிகளோ பல. 2005இல், கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற விதி வந்தது. கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருங்கி வாழும் இம்மக்களுக்கு வேறு காணி எங்கே? அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியாற் கட்டப்பட்ட 500 வீடுகள், வழக்கிற் சிக்கிப் பல்லாண்டு ஆளின்றிக் கிடந்தன. கிடைத்த வீடுகளும் பல இடங்களிற் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கே எழுதப்பட்டன. மகளுக்கென்றிருந்த வீடு அவள் பெயரில் மீளவில்லை. காத்திருப்பு மனிதரை எவ்வளவு உருக்குலைக்கும் என்பதைக் கோவைகள் காட்டுவதில்லை.

உதவ வந்தவர்களும் சில வேளை தவறினர். நல்லெண்ணத்தோடுதான் வந்தனர், ஆயினும் நடந்ததை எல்லாம் ஒரே இருப்பில் மீண்டும் சொல்லுமாறு தூண்டினர். அவ்வாறு வற்புறுத்திச் சொல்லவைத்தல் பயன் தருவதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அருகில் இருத்தல், அவராகப் பேசும்போது குறுக்கிடாது கேட்டல், உணவையும் உறக்கத்தையும் கவனித்தல் ஆகியவையே அதனினும் மேலானவை.

ஒன்றை மட்டும் கேட்கத் தயங்கலாகாது. "நான் இருந்து என்ன பயன்" என்று ஒருவர் சொன்னால், உயிரை விடும் எண்ணம் உண்டா என்று அன்போடு நேராகவே கேட்க வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றுவதில்லை. பலருக்கு அது சுமையிறக்கமே. உண்டு என்றால், அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்தி, அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பொலிஸுக்கு அஞ்சி மறைப்பவர் இன்றும் உளர். இலங்கையில் 1998 முதல் தற்கொலை முயற்சி குற்றமன்று. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.

வைத்தியர் தரும் மாத்திரை மறுநாளே வேலை செய்யாது. இரண்டு, மூன்று, சிலருக்கு அதற்கும் மேற்பட்ட வாரங்கள் செல்லும். இக்காலத்திற்றான் பலர், பலனில்லை என்று மருந்தை எறிந்து விடுகின்றனர். குணம் கண்டபின்னும் ஆறு மாதமேனும் மருந்தைத் தொடருமாறு வைத்தியர் சொல்வது வழக்கம். எப்போது நிறுத்துவது என்பதையும் அவரே சொல்ல வேண்டும். மருந்து நாளில் மகளோ மச்சானோ கூடச் செல்வது நன்று.

முதலில் மீள்வது பெரும்பாலும் உறக்கம், அதன்பின் பசி. முகம் அப்போதும் வாடித்தான் இருக்கும். பிறகொரு நாள், எவரும் எதிர்பாராத வேளையில், வாசலில் குந்தியிருக்கும் அந்த மனிதர், வீதியால் மீன் கொண்டு போகிறவனைக் கூப்பிட்டு, இன்று சூடை என்ன விலை என்று கேட்பார்.