துணி மூட்டைக்குள்ள துணி மட்டுமா இருக்கு?

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் குழுக்களின் பிரதிநிதிகள் கலந்துகொண்ட மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



மாசா மாசம் சேமிப்பு, கடன், தவணை என்று பேசுகிறோம். இந்த மாதம் வேறு விஷயம். வீடு மாறும்போது துணி கட்டுவது எப்படி என்று பேசப் போகிறோம். சிரிக்கிறீங்க. "நாங்க கட்டாத மூட்டையா, இதுக்கும் ஒரு மீட்டிங்கா?" என்று பின்னாடி ஒரு குரல் கேட்குது. நியாயமான கேள்விதான். ஆனாலும் கொஞ்ச நேரம் காது கொடுங்க.

நம்ம குழுக்களில் வீடு மாறாத குடும்பம் குறைவு. குடிசையைப் பிரித்துவிட்டு அரசு உதவியில் கல்வீடு கட்டுகிறவர்கள் பக்கத்தில் கொட்டகை போட்டுப் போகிறார்கள். வீடு முடிந்ததும் திரும்பி வருகிறார்கள். அதுவே இரண்டு தடவை. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் கம்பெனி வேலைக்காக வாடகை வீடு பார்த்துப் போகிறவர்கள் உண்டு. தனிக்குடித்தனம் போகிறவர்கள் உண்டு. வெள்ளம் வந்தால் யாரும் கேட்காமலேயே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கு.

எந்தக் காரணமாக இருந்தாலும் மூட்டை கட்டுவது நாமதான். பீரோவையும் கட்டிலையும் ஆம்பளைங்க தூக்குவாங்க. துணி நம்ம பொறுப்பு. ஆனால் நேரம் மட்டும் நம்ம கையில் இருக்காது. "குட்டி யானை வண்டி வாசல்ல நிக்குது, அரை மணி நேரத்துல ஏத்தணும்" என்று சத்தம் வரும். அந்த அவசரத்தில் மைத்துனர், பக்கத்து வீட்டுப் பையன் என்று யார் யாரோ வந்து அலமாரியில் இருப்பதை அப்படியே சாக்கில் அள்ளிப் போடுவாங்க. தப்பு நடக்கிற இடம் அதுதான்.

மடிப்புக்குள் இருப்பது என்ன?

நம்ம வீடுகளில் லாக்கர் கிடையாது. புடவை மடிப்புதான் லாக்கர். வங்கிப் பாஸ்புக், மனைப்பட்டா, நகை அடகு ரசீது, எல்.ஐ.சி. பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், சிவப்பு ரேஷன் கார்டு என்று எல்லாவற்றையும் கல்யாணப் புடவைக்கு அடியில்தான் வைத்திருக்கிறோம். வைத்த இடம் நமக்கு மட்டும்தான் தெரியும். சில நேரம் நமக்கே மறந்துவிடும்.

குழுக்களைப் பார்க்கப் போகும்போது எங்கள் களப்பணியாளர்கள் அடிக்கடி கேட்கிற வார்த்தை, "வீடு மாத்தினப்ப எங்கயோ போயிடுச்சு" என்பது. ஒரு குழுவில் ஒரு அக்கா, மூன்று பவுன் சங்கிலியின் அடகு ரசீதை ஆறு மாதம் தேடினார். கடைசியில் கிழிந்த பாவாடை மூட்டைக்குள் கிடைத்தது. அந்த மூட்டையைப் பழைய துணிக்காரருக்குப் போட்டுப் பாத்திரம் வாங்குவதாக இருந்தார். போட்டிருந்தால்? ரசீது தொலைந்தால் நகையை மீட்கவே முடியாது என்று இல்லை. ஆனால் அதற்கு அலைய வேண்டும், எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு நாள் கூலி போகும்.

அதனால் முதல் வேலை, துணியைச் சாக்கில் போடுவதற்கு முன் ஒவ்வொரு புடவையையும் பிரித்து உதறுங்க. ஜாக்கெட் பை, குழந்தை சட்டைப் பை, தலையணை உறை, பாய்ச் சுருட்டு, அலமாரியில் விரித்திருக்கிற பேப்பருக்கு அடி, எல்லாவற்றையும் பாருங்க. இதை முதல் நாளே செய்துவிடணும். வண்டி வந்த பிறகு முடியாது.

சிறுவாடு

மடிப்புக்குள் இன்னொன்றும் இருக்கு. இங்கே ஆம்பளைங்க இல்லை, வெளிப்படையாகவே பேசலாம். சிறுவாடு பணம். கூலியில், பால் காசில், கடைக்குப் போன மீதியில் சேர்த்தது. பிள்ளைக்கு ஃபீஸ், அம்மா வீட்டில் ஒரு சாவு, நமக்கு ஒரு காய்ச்சல் என்றால் கை கொடுப்பது அதுதான். அது நம்ம உழைப்பு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் மடிப்பில் இருக்கிற பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். வங்கியில் போட அந்த வருடம் டிசம்பர் 30 வரைதான் நேரம் கொடுத்தார்கள். எத்தனை வீட்டில் அரிசிப் பானைக்குள்ளும் புடவைக்குள்ளும் இருந்த பணம் அன்றைக்கு வெளியில் வந்தது என்று நமக்குத் தெரியும். 2019இல் திருப்பூர் மாவட்டத்தில் வயதான அக்கா தங்கை இருவர் சேர்த்து வைத்திருந்த 46,000 ரூபாயும் பழைய நோட்டு என்று தெரிந்த செய்தி பேப்பரில் வந்தது. சொந்தச் சாவுச் செலவுக்கு என்று வைத்திருந்த பணம். நோட்டு செல்லாது என்று மூன்று வருடமாக அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை. 2,000 ரூபாய் நோட்டையும் 2023இல் திரும்பப் பெற்றார்கள். வங்கிக் கிளையில் அதை மாற்றும் காலம் அந்த வருடம் அக்டோபர் 7ஆம் தேதியோடு முடிந்தது.

வீடு மாறும் நாள், சிறுவாட்டை எண்ணிப் பார்க்க நல்ல நாள். கைச்செலவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை உங்கள் பெயரில் இருக்கிற கணக்கில் போடுங்க. பாஸ்புக்கும் உங்கள் கையில் இருக்கட்டும்.

முதல் மூட்டை

புது வீட்டுக்குப் போகும்போது உப்பு, மஞ்சள், நிறைகுடம், சாமி படம் முதலில் போகும். அது நம்ம வழக்கம். அதுபோல துணியிலும் ஒரு "முதல் மூட்டை" கட்டுங்க. அதை வண்டியில் ஏற்ற வேண்டாம். உங்கள் கையிலேயே இருக்கட்டும். அதில் வைக்க வேண்டியவை:

1. எல்லா அசல் பத்திரங்களும் அட்டைகளும், கெட்டியான பிளாஸ்டிக் கவரில் வாய் கட்டி.

2. வீட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நாள் துணி, உள்ளாடை, ஒரு துண்டு, ஒரு போர்வை.

3. பிள்ளைகளின் பள்ளிச் சீருடை. சீருடை எந்தச் சாக்கில் இருக்கு என்று தெரியாமல் பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருப்பது நம்ம ஊரில் நடக்கிறதுதான்.

4. மாதவிடாய்க்கு வேண்டிய நாப்கின், அல்லது வெயிலில் காய்ந்த சுத்தமான துணி. வயசுப் பெண் இருந்தால் அவளுக்கும் சேர்த்து. புது இடத்தில் கேட்கக் கூச்சப்பட்டு ஈரத்துணியோடு இருக்கிற நிலைமை வரக்கூடாது.

5. தினம் சாப்பிடுகிற சர்க்கரை, பிரஷர் மாத்திரை.

மற்ற துணிகளைக் கட்டும் முறை

ஆள் வாரியாகக் கட்டுங்க. அப்பா துணி ஒரு மூட்டை, பெரியவள் துணி ஒரு மூட்டை. மேலே பேனாவால் பெயர் எழுதிய துண்டுத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்க. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வேறு வேறு நிறக் கயிறு கட்டலாம்.

அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டவே கூடாது. நம்ம பக்கம் கடல் காற்று, ஈரப்பதம் அதிகம். ஒரு ஈரத்துண்டு போதும், ரெண்டு நாளில் மூட்டை முழுக்கப் பூஞ்சை பிடித்துவிடும். அந்தக் கரும்புள்ளி லேசில் போகாது.

சாக்கில் கவனம் வேணும். அரிசிச் சாக்கு நல்லது. சிமெண்ட் சாக்கைத் துவைத்துக் காயவைத்தாலும் தூசி ஒட்டியிருக்கும், உடம்பில் அரிப்பு வரும். உரச் சாக்கு, மருந்து வந்த பை எதிலும் துணி வைக்காதீங்க, முக்கியமாகக் குழந்தைத் துணி. சாக்கே இல்லையென்றால் பழைய புடவையை விரித்து நடுவில் அடுக்கி, எதிரெதிர் முனையை இழுத்து முடிச்சுப் போடுங்க. ஒரு ஆள் தனியாகத் தூக்குகிற கனத்துக்கு மேல் கட்டவேண்டாம். பிரசவமான பெண்ணும், கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவர்களும் தூக்கவே வேண்டாம்.

பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் பையில் வைத்தால் உள்ளே வேர்த்துவிடும். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றுங்க. சரிகை உள்பக்கமாக மடியுங்க. வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்தால் அந்த இடத்தில் இற்றுப்போகும், அதனால் மடிப்பை மாற்றி வையுங்க. கஞ்சி போட்ட துணியைப் பூச்சி தேடி வரும். ரொம்ப நாள் மூட்டையிலேயே இருக்கப் போகிறது என்றால் கஞ்சியை அலசிவிட்டுக் கட்டுங்க.

அந்துருண்டை போடுகிறவர்கள் அதைத் துணியில் முடிந்து போடுங்க, சரிகையில் படக்கூடாது. கைக்குழந்தையின் துணியில் மட்டும் போடவே கூடாது. சில குழந்தைகளுக்கு அந்த நெடியே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். பெரிய பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடுவார்கள். நிழலில் காயவைத்த வேப்பிலை போதும். பச்சை இலை கறை பிடிக்கும்.

கிழிந்த துணியும் வேலைக்கு ஆகும். கண்ணாடி டம்ளர், டி.வி., மிக்ஸி இதையெல்லாம் பழைய புடவையில் சுற்றினால் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

வேண்டாத துணி

மூட்டை கட்டும்போதுதான் எவ்வளவு வைத்திருக்கிறோம் என்றே தெரியும். யாருக்காவது கொடுக்கலாம். ஆனால் கொடுப்பதிலும் ஒரு மரியாதை இருக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாடு முழுவதும் இருந்து நம்ம கடற்கரைக்குப் பழைய துணி லாரி லாரியாக வந்தது. நாகப்பட்டினம் பக்கம் அது சாலையோரத்தில் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இங்கேயே இருப்பீங்க. நிறைய பேர் கையில்கூடத் தொடவில்லை. "வீடுதான் போச்சு, மானம் போகல" என்பதுதான் அதற்கு அர்த்தம். டெல்லியில் 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் என்கிற அமைப்பு, அப்படி மீந்துபோன துணிகளைச் சேகரித்துத் தரம் பிரித்துத் திரும்பப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அவருக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. நாம கட்டிக்கொள்ளத் தயங்குகிற துணியை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டாம். துவைத்து, பித்தான் தைத்து, கேட்டுவிட்டுக் கொடுங்க. மற்றது கரித்துணி, கால்மிதி ஆகட்டும்.

மழைக்கு முன்னால்

2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. அதற்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்ததில் தென்பெண்ணை பொங்கியது. பாகூர் பக்கம் தென்பெண்ணை, வில்லியனூர் பக்கம் சங்கராபரணி, இரண்டு கரையிலும் தாழ்வான வீடுகளில் தண்ணீர் புகுந்தது. மழை விட்ட பிறகுதான் ஆற்று வெள்ளம் வந்தது என்பதைக் கவனிக்கணும். "மழைதான் நின்னுடுச்சே" என்று மூட்டையைக் கீழே இறக்கிவிடக்கூடாது.

அதனால் ஐப்பசி பிறக்கும்போதே "முதல் மூட்டை" தயாராக இருக்கட்டும். பரண் மேலோ, உயரமான ஆணியிலோ மாட்டி வையுங்க. வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கிற இடம் தெரிந்திருக்கணும். பத்திரம் நனைந்துவிட்டால் வெயிலில் போட வேண்டாம். சுத்தமான காட்டன் துணிக்கு நடுவில் வைத்து ஒற்றி எடுத்து, நிழலில் காற்றாட விடுங்க. வெள்ளத்தில் நனைந்த துணியில் சாக்கடையும் கலந்திருக்கும். சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காய்ந்த பிறகே உடுத்தணும்.

நம்ம குழு என்ன செய்யலாம்?

அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றையும் பேசித் தீர்மானம் எழுதுங்க.

ஒன்று. உறுப்பினர் யாராவது வீடு மாறினால் முந்தின நாள் இரண்டு பேர் உதவிக்குப் போகணும். ஒருத்தர் மடிக்க, ஒருத்தர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள. பத்திரமும் பணமும் இருக்கிற மடிப்பை மட்டும் அந்த அக்காவே பிரிக்கட்டும். நாம எட்டிப் பார்க்க வேண்டாம், வெளியில் பேசவும் வேண்டாம்.

இரண்டு. புது விலாசத்தைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும். ரேஷன் கார்டு, ஆதார், கேஸ், வங்கிக் கணக்கு, அங்கன்வாடி இவற்றில் விலாசம் மாற்ற ஞாபகப்படுத்தணும். வாக்காளர் பட்டியலில் மாற்ற படிவம் 8 கொடுக்கணும். வீடு மாறிவிட்டார் என்பதற்காக உறுப்பினரைக் குழுவிலிருந்து எடுத்துவிடக் கூடாது. சேமிப்பைத் தொடர்வதா, புது ஊர்க் குழுவில் சேர்வதா என்று அவரைக் கேட்டு முடிவு செய்யணும்.

மூன்று. ஐப்பசி மாதக் கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொருவரும் "முதல் மூட்டை" கட்டியாச்சா என்று ஊக்குநர் கேட்டுக் குறித்துக்கொள்ளணும்.

வீடு மாறும் நாளில் எல்லாருடைய துணியையும் கட்டி முடித்துவிட்டு, நம்ம புடவையைக் கடைசியாக ஏதோ ஒரு பையில் திணிக்கிறது நம்ம பழக்கம். நம்ம சேமிப்பும் அத்தாட்சியும் அந்தப் புடவைக்குள்தான் இருக்கு. அதனால் இனிமேல் அதை முதலில் கட்டுவோம், நம்ம கையாலேயே கட்டுவோம்.